நாற்பத்தோராவது வரி

நாற்பத்தோராவது வரிக்கு வந்ததும் விரல் நின்றது. பாத்திரம் துலக்கும் சோப்பு. அதற்கு ஒரு பெரிய கடை வைத்திருக்கும் எண், கம்பெனி வைத்திருக்கும் எண் இரண்டையும் தட்டியாகிவிட்டது. மூன்றாவது கட்டத்தில் 'பெட்டி' என்றோ 'ஒற்றை' என்றோ போட வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பெட்டி. இதற்கு மட்டும் ஒற்றை. கம்பெனியில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

'பெட்டி' என்று போட்டார்.

அவர் சோப்புக் கம்பெனியில் போனில் ஆர்டர் எடுப்பவர். எல்லோரும் காது என்று கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதி, பிறகு கணினியில் ஏற்றுகிறார். தும்மினாலே எந்தக் கடை என்று சொல்லிவிடுவார். அந்தப் பெரிய கடை சின்னதாக இருந்த காலத்தில் இந்தச் சோப்பை எண்ணித்தான் வாங்கியது. கடை வளர்ந்தது, பழக்கம் போகவில்லை. அங்கிருந்து 'அறுபது' என்று வந்தால் இவர் கை தானாக 'ஐந்து பெட்டி' என்று எழுதும். பெட்டிக்குப் பன்னிரண்டு.

திங்கட்கிழமையிலிருந்து கடையின் கணினியே கம்பெனியின் கணினிக்கு நேராக ஆர்டர் அனுப்பும். கேட்டு எழுதுவது, திரும்பத் தட்டுவது, தப்பாகத் தட்டுவது எதுவும் இல்லை. அதற்கான பட்டியல்தான் இது. ஏற்பாடு செய்தவர் அந்தக் கடைக்குப் புதிதாக வந்த கொள்முதல் அதிகாரி. இவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

அங்கேதான் வயிறு எரிந்தது. மாமனார் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. எட்டு வருடமாக மூத்த மாப்பிள்ளையான இவர் உட்கார்ந்த நாற்காலி. போன மாதம் அதில் சகலை இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க மாப்ளே," என்றார் மாமனார் சகலையிடம். "அவரு நம்ம ஆளு. எங்கயாச்சும் உக்காந்துப்பாரு."

கிடைத்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.

வீட்டில் மனைவியும் விடவில்லை.

"என்னங்க, ஆர்டர் போட்ட ஒரு நிமிஷத்துல பதில் வந்துடுமாம். லாரி கிளம்புறதுக்கு முன்னாடியே என்ன வருதுன்னு தெரிஞ்சிடுமாம். தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன மூளை!"

"எனக்கு மட்டும் என்ன, களிமண்ணா?"

"உங்களுக்குத்தான் காது இருக்கே."

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் ஆர்டர் திரையில் விழுந்தது. மேனேஜர் கைதட்டினார். நாற்பத்தோராவது வரியில் அறுபது பெட்டி. கிடங்கில் அவற்றை லாரிப் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடை வாசலில் அறுபது பெட்டி சோப்பும் அதன் நடுவில் சகலையும் நிற்பதை நினைத்துப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

பத்தேகாலுக்கு போன். மூச்சிலேயே ஆள் தெரிந்தது.

"சகலை, நான்தான். உங்க பக்கத்துலேருந்து வந்த பதில்ல சோப்பு எழுநூத்தி இருபதுன்னு நிக்குது. நாங்க கேட்டது அறுபது."

"அப்படியா?"

"பழைய பில்லைப் பாத்தேன். இத்தனை வருஷமா நீங்க கணக்கு பண்ணி அஞ்சு பெட்டியா அனுப்பியிருக்கீங்க. நாங்க இதை மட்டும் ஒத்தையா கேக்குறோம்னு எனக்கே இப்பதான் தெரியுது. முன்னாடியே உங்ககிட்ட உக்காந்து கேட்டிருக்கணும். என் தப்பு. உங்க மேனேஜர்கிட்டயும் அப்படியே சொல்லி, அஞ்சு பெட்டி மட்டும் ஏத்தச் சொல்லிட்டேன்."

ரிசீவர் தோளுக்குப் போகாமல் கையிலேயே இருந்தது. இவர் செய்த தப்பைக்கூட அந்த ஆள் இவருக்கென்று விட்டுவைக்கவில்லை.

"சகலை, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஞாயித்துக்கெழமை மாமா வீட்டுக்கு வாங்க. அந்த நாற்காலியில எனக்கு முதுகு வலிக்குது. நீங்களே உக்காந்துக்குங்க."

மறுநாள் காது ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வந்தார். நாற்பத்தோராவது வரியில் 'ஒற்றை' என்று திருத்தினார். பத்து மணிக்குப் பெரிய கடையின் ஆர்டர் வந்தது. சோப்பு நாற்பத்தெட்டு, நான்கு பெட்டி ஏறியது. மேனேஜர் இன்னும் மூன்று கடைகளின் பட்டியலைக் கொடுத்தார். மதியத்துக்குள் இரண்டை முடித்தார். போன் இரண்டு முறை அடித்தது. அதில் ஒன்று ராங் நம்பர். ஐந்தரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.