கோட்டுக்குச் சுற்றிய மிளகாய்

நோன்பு மாதம் வந்தால் நாகம்மாள் அக்கா அடுப்பைக் கடைக்குப் பின்னால் மாற்றிவிடுவார். நெய்வேலிக்குப் பக்கத்தில், வடக்குத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய வடைக்கடை. நிலக்கரி மைன்ஸுக்கு ஷிப்ட் போகிறவர்கள்தான் வாடிக்கை. வெயில் தாங்காமல் மாற்றுகிறார் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். ஒரு தடவை என் வீட்டுக்காரர் அப்துல் கபார் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு தண்ணிகூட குடிக்காம கெடக்குது, எண்ண வாசன மூக்குல ஏறுனா பாவமில்லியா" என்றாராம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்காவின் புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து, நெஞ்சுவலியில் போனவர். பிள்ளை பிரவின்குமார் ஒருத்தன்தான். "அப்பன் பள்ளத்துல எறங்குனது போதும், நீ மேல ஏறுடா" என்று சொல்லி, வடை விற்றே அவனை ஓட்டல் படிப்பு படிக்க வைத்தார். பம்பாயில் பேங்குகளும் பெரிய கம்பெனிகளுமாக இருக்கிற பகுதியில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற ஓட்டல் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்களை வணங்கி உட்கார வைத்து ரூம் கொடுக்கிற வேலை.

அங்கே வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பன் ஒரு நாள் இலவசமாகத் தங்கலாமாம். தனியாகப் போகமாட்டேன் என்று அக்கா என்னையும் கூப்பிட்டார். "போய்ட்டு வா. அங்க போயும் இவங்க வடை சுடாம பாத்துக்க" என்று அப்துல் கபார் சிரித்தார்.

ரூமில் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. திறக்க ஒரு ஜன்னல் கிடையாது. மெத்தை அழுக்காகிவிடும் என்று அக்கா தரையில் உட்கார்ந்தார். நான் தொழ வேண்டும் என்றதும் பிரவின் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினான். மக்கா இருக்கிற திசைக்கு உள்ளே அம்புக்குறி ஒட்டியிருந்தது.

"பாத்தியா, உன் சாமிய மறக்காம வச்சிருக்கானுவ. நல்லவனுங்கதான்" என்றார் அக்கா.

பிரவின் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். "சாப்பாடு கொண்டாறேன்மா. யாரு தட்டுனாலும் கதவத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனான்.

நான் தொழுது முடித்துத் திரும்பியபோது அக்கா பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். மிளகாய், கல்லுப்பு, கடுகு, கூடவே சூடம். ஊரிலேயே முடிந்து கொண்டுவந்திருக்கிறார்.

"கீழ நின்ன அத்தினி பேரும் அவனையே பாத்துகினு இருந்தானுவ. கோட்டு போட்டா எம்புள்ள ராசா கணக்கா இருக்கான். கண்ணு படாம இருக்குமா?"

கோட்டுக்கு முன்னால் நின்று, பிள்ளையே நிற்கிற மாதிரி மேலிருந்து கீழ்வரை சுற்றினார். அள்ளிப்போட அங்கே அடுப்பு ஏது. காப்பி சாஸரில் சூடத்தைக் கொளுத்தி அதில் கொட்டினார்.

மிளகாய் கருகி நெடி தொண்டையைப் பிடித்தது. நெடி ஏறாவிட்டால்தான் திருஷ்டி இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இருமிக்கொண்டே அக்கா சந்தோஷப்பட்டார். "நல்லா ஏறுது. ஒருத்தன் கண்ணும் படல."

அப்போது சங்கு ஊதியது. நாங்கள் அசையவில்லை. நெய்வேலிக்காரர்களுக்குச் சங்கு புதிதா. "இங்கயும் ஷிப்ட் உடுறாங்க போல" என்றார் அக்கா. யாரோ கதவைத் தட்டினார்கள். பிரவின் சொன்னபடி திறக்கவில்லை. தட்டல் இடி மாதிரி ஆனது. கடைசியில் அவன் குரலே கேட்டது. "ம்மா, தொற."

தீப்பிடித்துவிட்டது என்று ஓட்டல் முழுவதையும் படி வழியாக இறக்கினார்கள். துண்டு சுற்றிய ஆண்கள், ஈரத் தலையோடு பிள்ளைகள். நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். அதில் ஒருவன் பிரவின். அந்தப் பெரியவர் பயத்தில் வாய் கோணி அழுதுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் அதை எடுக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

கீழே, ஜனங்கள் நடுவே ஓர் அதிகாரி அந்தச் சாஸரைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் கேட்டார். பாஷை புரியாவிட்டாலும் கேட்ட விதம் புரிந்தது.

"நம்மள யாருன்னே தெரியாதுன்னு சொல்லச் சொல்லு அவன" என்றார் அக்கா என் காதில்.

நான் போவதற்குள் பிரவின் எங்கள் பக்கம் கை நீட்டி, எல்லார் எதிரிலும் சொன்னான். "மதர்" என்பது எனக்கும் தெரிந்த வார்த்தைதான். அந்த நிமிஷம் அல்லாவிடம் நான் என்ன துஆ கேட்டேன் என்று தெரியாது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவன் வேலை போகவில்லை. ஆனால் வரவேற்கிற இடத்திலிருந்து எடுத்து, கட்டடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிற ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கோட்டு கிடையாது. "அதெல்லாம் ஒன்னுமில்லம்மா, இங்க வேல கம்மி" என்பான் போனில். போனை வைத்துவிட்டு அக்கா சொல்வார், "பள்ளத்துல எறங்கக் கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். எங்கையாலயே எறக்கிட்டேன்."

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் கடைக்கு வந்தால் வம்புக்கு இழுப்பார். "பம்பாய் மெத்தை எப்புடி நாகம்மா? இனிமே எங்களுக்கெல்லாம் வடை தருவியா?" அக்கா கரண்டியிலிருந்து கண் எடுக்காமல், "நல்லாருந்துச்சு" என்பார்.

மகன் லீவில் வந்தபோதுகூட அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ம்மா, இங்க பாரும்மா."

"கொழம்பு ஊத்திக்க."

அல்லா மன்னிக்கிறவன், உங்கள் சாமியும் மன்னிக்கும், பிள்ளை அன்றைக்கே மன்னித்துவிட்டான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அவன் ஒரு வார்த்த திட்டியிருந்தா தேவலாம் சித்தீகா" என்றார்.

அக்காவுக்கு முழங்கால் போய், அடுப்படியில் நிற்க முடியாமல் ஆனது. பிரவின் வந்து பிடிவாதமாகப் பம்பாய்க்குக் கூட்டிப்போனான். விருத்தாசலம் ஸ்டேஷன் வரை நானும் போனேன். அதற்கப்புறம் அக்காவை நான் பார்க்கவில்லை. அவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம், என் கையை விடாமல், ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவங்கூட வேல செய்யறவங்க வூட்டுக்கு வந்தா, நான் சமையலுக்கு வந்த பொம்பளன்னு சொல்லிடுன்னு சொல்லிகினே இருக்கேன். மாட்டேன்றான். நீயாச்சும் போன்ல அவனுக்கு எடுத்துச் சொல்லு சித்தீகா."