சுகர்காரருக்கென்றே உருட்டிய பாதாம்

மகாஜனங்களே, நெஞ்சில் கை வைத்து ஒரு கதை சொல்கிறேன். ஒருவரும் நம்பப் போவதில்லை.

நாளை காலை எனக்கு ரத்தப் பரிசோதனை. "இந்தத் தடவையும் சுகர் ஏறியிருந்தா இன்சுலின்தான். சாயங்காலம் பசிச்சா வெறும் பாதாமோ நிலக்கடலையோ ஒரு கைப்பிடி போதும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். ஜாடியில் ஒட்டியிருந்தது: 'சுகர்காரர் ஸ்பெஷல் பாதாம்'. வாங்கி வாயில் போட்டேன்.

த்தூ! மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. பிரிப்பதற்குக் கோயில் யானை வந்து இழுக்க வேண்டியதாயிற்று. வாசனை பிடித்துப் பக்கத்து ஊர் மம்சாபுரத்து எறும்பெல்லாம் குடும்பத்தோடு கிளம்பிவிட்டன.

வாய் விடுபட்டதும் கடைக்காரரிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, என்னத்தத் தடவி வச்சிருக்க?"

"பால்கோவாவுல பெரட்டிருக்கு மாமா. வெறும் பாதாமை எவன் திம்பான்?"

"சுகர்காரனுக்கா பால்கோவா?"

"பதறாதீய. சீனி ஒரு பொட்டு கிடையாது. அம்புட்டும் கருப்பட்டி. மருந்துல்லா!"

நான் மிச்சப் பாதாமைத் திருப்பி நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவோ பையை நீட்டினார். "அரைக் கிலோ போடுங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்கும் சுகர்தான்."

"ஏம்மா, கருப்பட்டியும் சுகரை ஏத்தும்மா!"

"வந்துட்டாரு பெரிய டாக்டரு" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தோடு போய்விட்டார்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். யானையும் எறும்பும் என் கைச்சரக்கு. அந்த அரைக் கிலோ மட்டும் உண்மை.

அந்த வீட்டுக்காரர் இதைப் படித்தால், ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், பொட்டலத்தைப் பிரிக்காதீர். பிரித்துவிட்டீர் என்றால், கீழே கமெண்ட்டில் ஒரு வார்த்தை எழுதும். யானையை அனுப்பி வைக்கிறேன்.