காக்ஸ் பச்சையப்பன்

படகுப் பந்தயத்தில் துடுப்பு வலிக்கிறவர்களுக்குப் போகிற திசை தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவார்கள். பின்முனையில் சுக்கான் கயிற்றைப் பிடித்தபடி முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பவன் காக்ஸ். ஐந்து பேர் போகிற படகில் அவன் ஒருவனுக்குத்தான் கண். சத்தியவேட்டுப் பச்சையப்பன் சென்னையில் ஒரு படகு கிளப்பில் பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்தவன். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பான். குரல் எடுத்தால் அக்கரைக்குக் கேட்கும்.

கண்ணில் புரை விழுந்ததும், பிறர் கண்டுபிடிப்பதற்குள் தானே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். விடியற்காலையில் நன்றாகத் தெரியும். வெயில் ஏற ஏற எல்லாம் பால் கலந்த தண்ணீராகிவிடும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பார்வை போனவனை ஊர் மூலையில் உட்காரவைத்துச் சோறு போடும். அந்தச் சோறு தனக்கு வேண்டாம் என்று இருந்தான்.

எல்லைச் சண்டை முடிந்து சத்தியவேடு ஆந்திராவோடு சேர்ந்த மறு வருஷப் பொங்கலுக்கு, தடா ஏரியில் படகுப் பந்தயம் வைத்தார்கள். பழைய பந்தயப் படகுகள் இரண்டு லாரியில் வந்து இறங்கின. ஜெயிக்கிற காக்ஸுக்குத் தோணித்துறையில் சர்க்கார் வேலை என்று பேச்சு. பச்சையப்பன் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

ஏரியில் கழி ஊன்றித் தோணி தள்ளுகிற நால்வரைச் சேர்த்தான். அதில் ஒருவன் தங்கை தாட்சாயணியின் புருஷன் முனிகிருஷ்ணன். காக்ஸின் முகத்தைப் பார்த்து உட்காருபவன் ஸ்ட்ரோக், அவன் வைக்கிற வேகம்தான் மற்றவர்களுக்கும் வேகம் என்றான். துடுப்பு தண்ணீரைக் கவ்வுகிற கணம் கேட்ச். வெளியே எடுத்ததும் அலகைப் படுக்கவைத்துக் காற்றை அறுப்பது ஃபெதர். துடுப்பு ஏடாகூடமாகச் சிக்கிக்கொண்டால் நண்டு பிடித்தான் என்று துரைமார் சொல்வார்கள்.

"நெஜ நண்டு புடிக்கத் தெரியாத துரைங்க போல கீது, மச்சான்" என்றான் முனிகிருஷ்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

படகின் மூக்கில் கடைசியாக உட்காருபவனுக்கு பௌ என்று பெயர். அந்த இடத்தை மச்சான் முனிகிருஷ்ணனுக்குக் கொடுத்தான். அங்கேதான் தொல்லை. பிறந்ததிலிருந்து எதிரே பார்த்துத் தோணி தள்ளிய மனுஷன். பத்துத் தரம் வலித்தால் ஒருதரம் கழுத்து தானாகத் திரும்பிவிடும். திரும்பினால் படகு ஆடும். பச்சையப்பன் வாயில் வந்தபடி வைதான்.

"இன்னொரு தபா திரும்பினே, எறக்கி வுட்டுடுவேன். பாக்கறதுக்கு நான் கீறேன் இல்ல?"

தினமும் விடியற்கருக்கலில் பழக்கினான். இருபது நாளில் முனிகிருஷ்ணனின் கழுத்து அடங்கிவிட்டது. அதில் பச்சையப்பனுக்குப் பெருமையான பெருமை.

பந்தயம் காலை ஏழு மணிக்கு என்றிருந்தது. தலைமை தாங்க வேண்டியவர் வருவதற்குப் பதினொன்றரை ஆயிற்று. ஏரி முழுக்க வெயில் தகதகத்தது. பச்சையப்பனுக்கு எதிர்க்கரை தெரியவில்லை, கொடி தெரியவில்லை. என்னால் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுப் படகில் ஏறினான். அவனுக்காக இரக்கப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

பாதித் தூரம் வரை முன்னால்தான் போனார்கள். பிறகு சுக்கான் எந்தப் பக்கம் இழுத்தது என்று அவனுக்கே தெரியாது. வலை கட்டுவதற்குச் செம்படவர்கள் நட்டு வைத்திருந்த சவுக்குக் கழிகளின் பக்கம் படகு ஒதுங்கிவிட்டது. கழியில் தண்ணீர் மோதுகிற சத்தம் ஏரிக்காரன் காதுக்குத் தப்புமா?

"மச்சான், கழி சத்தம் கேக்குது!" என்று முனிகிருஷ்ணன் கத்தினான்.

"திரும்பாதே! வலி!" என்றான் பச்சையப்பன்.

அவன் திரும்பவில்லை. ஒரு மூச்சுப் பிடித்து இன்னும் பலமாகத்தான் வலித்தான். சாய்ந்து நின்ற முறிந்த கழி ஒன்று படகின் மூக்கைத் தாண்டி வந்து அவன்மேல் ஏறியது.

இரண்டு நாள் உயிர் இருந்தது. மூன்றாம் நாள் காலை போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். படகு எதனால் தடம் மாறியது என்று கேட்டார். அவரே வழி காட்டுகிற மாதிரி, "வெனக்கி திரிகாடா?" என்றார் தெலுங்கில், முனிகிருஷ்ணன் பின்னால் திரும்பினானா என்று.

பச்சையப்பன் தலையை ஆட்டினான். "ஆமாங்க. திரும்பிட்டான். படகு ஆடிப்போச்சு" என்றான். அதிகாரி எழுதிக்கொண்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளேயிருந்து தாட்சாயணி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"அண்ணா, ரெண்டு நாளும் கட்டு மாத்தினது நானு. நடு முதுகுல கீது காயம். திரும்பி இருந்தா வெலாவுல தானே பட்டிருக்கும்?"

அவன் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினான். அது பகல் பன்னிரண்டு மணி, வாசலில் வெயில். அவள் நிற்கிற இடத்துக்கு ஒரு கை தள்ளி, வெறும் கதவைப் பார்த்தான்.

தாட்சாயணி அந்தப் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?" என்று கேட்டாள்.