கணுக்கால் ஆழத்தில் நின்ற ஈயப்பாளம்

நான் அன்றைக்கே சொன்னேன். பாஷா பாய் இழுபறி இல்லாமல் போவார், பகலில் போவார், சாப்பிட்ட கையோடு போவார் என்று இராயபுரத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள். அப்படியேதான் நடந்தது. மூன்று மாதமாக வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த மனிதர் போன வாரம் கஞ்சி குடித்து, கை கழுவி, சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். ரிக்‌ஷாக்கார மாரி எங்கள் காயலான் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "நைனா, பாஷா பாய் பூட்டாருபா. கஷ்டப்படாம பூட்டாரு" என்றான். கடையில் இருந்தவர்கள் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது பெருமூச்சுதான். அந்த வலியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அவரும் நானும் ஒரே கடையில் கூட்டாளிகள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் எடை மதிப்பில் இந்த ஏகாம்பரத்தை மிஞ்ச மதராஸில் ஆள் கிடையாது. துறைமுகத்து வெள்ளைக்காரத் துரைகளே தராசை மூடி வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பியதுண்டு. பாஷா பாய் வேறு மாதிரி. ஒரு துண்டு ஈயம் கையில் கிடைத்தால் அரை மணி வாய் திறக்கமாட்டார். சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். "ஈயம் கத்தாது நைனா. கத்திச்சின்னா உள்ள வேற எவனோ குந்திகினு கீறான்" என்பார். சொல்லும்போது பார்வை ஏனோ என் மேல்தான் இருக்கும்.

மத்தியானம் நான் சோற்றுச் சட்டியைத் திறந்தால் போதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுவார். "ஈயக் கைய வாயில வெக்காதே. எடைய வெளிய பாரு, வவுத்துல பாக்காதே." சொன்னவருக்கே வயிற்றில் நோய் வந்ததை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

கத்திவாக்கத்துச் சமாசாரத்தை உங்களில் பாதிப் பேர் என் வாயால் கேட்டிருப்பீர்கள். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். வலைக்குக் கட்ட ஈயக்குண்டு கிடைக்காமல் மீன்பிடிக்கிறவர்கள் தவித்த சமயம். உடைந்த பெரிய படகு ஒன்றின் அடியில் கனத்துக்கு வைத்திருந்த ஈயப்பாளத்தை ஒரு காண்டிராக்டர் கழிமுகத்துச் சேற்றில் இறக்கி, குத்துமதிப்பாக விற்கப் போட்டிருந்தார். அந்த ஊர் வலைக்காரன் தேசப்பன் அதை வாங்கிக் குப்பம் முழுக்கக் குண்டு வார்த்துக் கொடுக்க ஆசைப்பட்டான். கையில் இருந்தது கட்டுமரமும் பெரிய வலையும்தான். இரண்டையும் வாங்கிக்கொள்ள எர்ணாவூரிலிருந்து ஒருவன் வந்து தயாராக உட்கார்ந்திருந்தான். பாளம் ஏமாற்றினால் தேசப்பன் அடுத்த நாளிலிருந்து கரையில் நின்று கடலைப் பார்க்க வேண்டியதுதான்.

"இன்னா மாமு, இது எம்மாம் போவும்?" என்று என்னைக் கேட்டான்.

எங்கள் கணக்கு மண்ணெண்ணெய் டின் கணக்கு. ஒரு டின் நிறைய ஈயத்தை உருக்கி ஊற்றினால் நாலு அந்தர் நிற்கும்; அந்தர் என்றால் நூற்றுப்பன்னிரண்டு ராத்தல். பாளம் எட்டு டின் பருமன். முப்பத்திரண்டு அந்தர். பார்த்த மாத்திரத்தில் சொன்னேன். காண்டிராக்டர் எங்கள் கைகளின் மேல் துண்டைப் போட்டார். துண்டுக்குள் அவர் விரலும் என் விரலும் விலை பேசிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் சேற்றைக் கவனித்தேன். பக்கத்தில் ஆட்டுக்கல் பருமனில் அதே படகின் இன்னொரு ஈயக்கட்டி கிடந்தது. நாலு நாள் அலையில் அது கழுத்து வரை புதைந்துபோயிருந்தது. இந்தப் பெரிய பாளமோ கணுக்கால் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. கையை உருவிக்கொண்டேன். சைக்கிளில் பின்னால் வந்து சேர்ந்த பாஷா பாய்க்குக் கண் காட்டினேன். அவர் ஒரு ஆணியை எடுத்து அடித்தார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிய ஆணி ஒரு அங்குலம் முடிவதற்குள் வளைந்து நின்றது. மேலே ஈயத்தோல், உள்ளே கல்லும் சிமெண்டும்.

"இதெனக்கே தெரியாதுபா, சத்தியமா!" என்று காண்டிராக்டர் தலையில் கை வைத்தார்.

பாஷா பாய் எல்லார் எதிரிலும் உரக்கச் சொன்னார்: "நம்ம ஏகாம்பரம் வந்த ஒடனே சேத்தப் பாத்துட்டாரு. அதான் ஆணி அடிக்கச் சொன்னாரு."

பிறகு தோலுக்கு மட்டும் விலை பேசினோம். கோடாலியால் உரித்ததில் எட்டு அந்தர் ஈயம் தேறியது. அதை வாங்கக் குப்பத்துப் பெண்கள் மீன் விற்ற காசே போதுமானதாக இருந்தது. எர்ணாவூர்க்காரன் வெறுங்கையோடு எழுந்து போனான். தேசப்பன் கட்டுமரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தானா அழுதானா தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போதெல்லாம் எந்தச் சரக்கானாலும் முதலில் அது நிற்கிற தரையைப் பார்க்கிறேன். டின் கணக்கு அப்புறம்.

போன மாதம் அவர் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு ஏன் பாய் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். வலியோடு சிரித்தார். "உன் வாய நம்பித்தான் கடைக்குச் சரக்கு வருது. அத்த ஒடச்சிட்டு நான் இன்னா பண்றது?"

தேசப்பா, நீயும் இதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாய். இத்தனை வருஷமாகக் கறிக்கு மீன் கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாய். சேற்றை நான் பார்க்கவே இல்லையப்பா. "எட்டு டின், கண்ணை மூடிக்கினு வாங்கு" என்று சொன்னவன்தான் நான். பார்த்தவர் பாஷா பாய். நீ எர்ணாவூர்க்காரன் பக்கம் திரும்பியிருந்தபோது துண்டுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்ததும் அவர்தான்.