பினாங்குக் கப்பலில் அவர் பார்க்காத சாயங்காலங்கள்

வந்து சேர்ந்துவிட்டோம்!

பினாங்குக்குக் கப்பலில் போய், கப்பலிலேயே திரும்பி, முந்தாநாள் மலையேறி எங்கள் ஊரான அரியூர் நாட்டுக்கு வந்தோம். (தரை இன்னும் லேசாக ஆடுகிறது. எனக்கு மட்டுமா, உங்களுக்குமா?)

கடலுக்கு ஆசைப்பட்டது நான் இல்லை, என் வீட்டுக்காரர்.

"கடல்ல பொழுது எறங்கறதப் பார்க்கோணும் புள்ள. நம்மூர்ல முழுசா உடறதே இல்ல, பாதியிலயே மலை மறைச்சுப்புடுது" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் தங்கை பொன்னாயி பினாங்குப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருக்கிறாள். "அண்ணனும் அண்ணியும் ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியதுதான் தாமதம், இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிளகு பறிப்புக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம்.

நாகப்பட்டினத்தில் ஸ்டீமர் ஏறினோம். கரை தெரிகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றார்.

கரை மறைந்தது. மனுஷன் படுத்துவிட்டார்!

பினாங்கு வரை எழுந்திருக்கவே இல்லை. அடித்தட்டில் ஒரு பாய், பக்கத்தில் ஒரு சட்டி. (சட்டி எதற்கு என்று கேட்காதீர்கள், சாப்பிடுகிற நேரமாக இருக்கும்.)

எனக்கோ ஒன்றுமே செய்யவில்லை! பசிதான் இரண்டு மடங்காக எடுத்தது.

தினமும் வெயில் சாய்ந்ததும் அவருக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணி கொடுத்துவிட்டு மேலே டெக்குக்கு ஏறிவிடுவேன்.

கப்பல் உழுதுகொண்டு வந்த தடம் பின்னால் நீளமாகக் கிடக்கும். அதன் கடைசியில் சூரியன் தண்ணீரைத் தொட்டதும் அந்தத் தடம் முழுக்கச் செம்மண் நிறமாகிவிடும். சாமைக்காட்டில் வெட்டுக்கிளி எழும்புகிற மாதிரி மீன்கள் கூட்டமாக எழும்பிப் பறக்கும். ஆமாம், மீன்தான்! பறந்தது! நான் பார்த்தேன்!

கீழே வந்தால் அவர் பாயில் கிடந்தபடியே கேட்பார்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

"ஒரே மேகமுங்க மாமா. பெருசா ஒண்ணுமில்ல."

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பார். "பொய் சொல்றே. உன்ற மூஞ்சியே வெளிச்சமா இருக்குது."

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்காது. ஆசைப்பட்டவர் கீழே கிடக்கிறார், கூட வந்த நான் மேலே நின்று அனுபவிக்கிறேன்!

பினாங்கில் இறங்கியதும் ஆள் தெளிந்துவிட்டார். தங்கை பொங்கிப் போட்டதையெல்லாம் சாப்பிட்டார். தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்.

திரும்பும் நாள் நெருங்கியதும்தான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நான் வரல. நீ போ. நான் இங்கயே ரப்பர் பால் வெட்டிப் பொழைச்சுக்கறேன்."

விளையாட்டு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொன்னாயி கெஞ்சினாள். "ஏனுங்ணா, மிளகு பழுத்து உதிர்ந்து போகுமே? அண்ணி ஒருத்தியா என்ன பண்ணும்?"

உண்மையிலேயே தங்கிவிடுவாரோ? தனியாக மலையேறிப் போய் ஊரில் என்ன சொல்வேன்?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நாம வர்றப்ப கப்பல் கெழக்கால வந்துச்சு. பொழுது முதுகுக்குப் பின்னால எறங்குச்சு. போறப்ப மேக்கால போகுமுங்க. நம்ம மூஞ்சிக்கு நேராத்தான் எறங்கும்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நேராவா?"

"நேராத்தானுங்க."

"உழுந்துட்டா புடிச்சுக்குவியா?"

"புடிச்சுக்கறனுங்க."

வந்தார்! ஏறியதும் பழையபடி படுத்தும்விட்டார்!

பக்கத்துப் பாயில் மருதை என்று துறையூர்ப் பக்கத்து ஆள். பல வருஷம் தோட்ட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர். அவருக்கும் இதே கதிதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு சட்டியோடு கிடந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கடல் பரம்படித்துச் சமன் செய்த வயல் மாதிரி அடங்கிக் கிடந்தது. ஓடிப்போய் எழுப்பினேன்.

"எந்திரிங்க மாமா. இன்னிக்கு உட்டா இல்ல."

என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஏணியில் நின்று நின்று ஏறினார். முன்பக்கம் கூட்டிப்போய் அங்கே கட்டியிருந்த கயிற்றைக் கையில் கொடுத்தேன்.

"இப்பத் தொறங்க."

திறந்தார்.

நடுவில் ஒரு மலை இல்லை, ஒரு மரம் இல்லை. சூரியன் முழுசாக, பெரிசாக, எதிரே. அடிப்பக்கம் தண்ணீரில் பட்டதும் லேசாகப் பரந்து உட்கார்ந்தது.

அவர் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். திடீரென்று திரும்பிக் கீழே இறங்கிவிட்டார்!

போச்சு, மறுபடியும் சட்டிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்த்தால், மருதையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏணி ஏறி வருகிறார்!

"சீக்கிரம் வாங்க! இன்னும் பாதி மிச்சமிருக்குது!"

இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மருதைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நம்ம ஊரு இந்தத் தெசையிலீங்களா இருக்குது?"

"ஆமாங்க. பொழுது போற பக்கந்தான்" என்றார் இவர், பலமுறை கப்பலோட்டிய மாதிரி.

சூரியனின் கடைசித் துளி மறைந்த பிறகும் மூன்று பேரும் நகரவில்லை. வானம் மட்டும் வெகுநேரம் சிவந்திருந்தது. அன்றைக்கு அவர் சோறு கேட்டார்!

ஊர் வந்ததும் வாசல் நிறையக் கூட்டம்.

"கடல் எப்படீங்க இருந்துச்சு?" என்று எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள். ஆம்பிளையைத்தானே கேட்பார்கள்!

அவர் சாவகாசமாக வெற்றிலையை மடித்தார். "நான் பார்த்தது ஒரே ஒரு நாளுங்க. மத்ததெல்லாம் பார்த்தவ இவதான். இவளைக் கேளுங்க."

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அவரும் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நீங்களே சொல்லுங்கள், எந்தச் சாயங்காலத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?