கதவு ரப்பரும் சித்தப்பாவின் கட்டைவிரலும்

என் சித்தப்பா கார் தொழிற்சாலையில் கதவுக்கு ரப்பர் வைப்பவர். கதவைத் திறந்தால் வாசலைச் சுற்றிக் கறுப்பாக ஒன்று ஓடுமே, அதுதான். எழுபத்திரண்டு வினாடிக்கு ஒரு கார் வரும். அதற்குள் ரப்பரை மாட்டி, மூலைகளைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, அடுத்ததற்குத் திரும்ப வேண்டும். ஒன்பது வருடமாக இதே வேலை. வீட்டிலும் மனுஷன் எழுபத்திரண்டு வினாடிக்கு மேல் எதையும் செய்வதில்லை. பல் தேய்ப்பது, சண்டை போடுவது, சமாதானம் ஆவது எல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

நான் அவருடைய அண்ணன் மகள். பத்தாம் வகுப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. தலைமையாசிரியர் அறை, பூட்டு, கொஞ்சம் கோந்து. அதற்கு மேல் கேட்காதீர்கள். "சித்தப்பாகிட்ட இரு, திருந்துவ" என்று அப்பா விமானம் ஏற்றிவிட்டார். திருந்தவில்லை. ஆனால் ஒன்றரை வருடத்தில் இந்த நாட்டு மொழி வாயில் ஒட்டிக்கொண்டது. சித்திக்கு ஒன்பது வருடத்தில் 'நன்றி', 'வேண்டாம்' இரண்டும்தான் வந்திருக்கின்றன. அதனால் வெளியே போனால் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் நான். யாரிடம் எதைக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

சித்தப்பாவின் வலது கட்டைவிரல் எட்டு மாதமாகச் சரியில்லை. காலையில் மரத்துப்போய் நிற்கும். சட்டைப் பொத்தானைச் சித்திதான் போட்டுவிடுவாள். தொழிற்சாலையில் அவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"சொன்னா கதவுலேர்ந்து தூக்கிடுவாங்க. ஒன்பது வருஷத்துல என் கதவு வழியா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனதில்ல, தெரியுமா?"

"கதவு பெருசா, கை பெருசா?" என்பாள் சித்தி. அதற்குள் எழுபத்திரண்டு வினாடி முடிந்து, அவர் செருப்பில் காலை நுழைத்திருப்பார்.

வருடத்தில் ஒரு நாள் குடும்பத்தாரைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். நான் இருக்கும் தைரியத்தில் சித்தி இந்த முறை கிளம்பினாள். பெயிண்டில் கீறல் விழும் என்று வாசலிலேயே மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். என் பெல்ட்டுக்குக்கூட ஒரு துணி உறை மாட்டினார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"என்னடி சொல்றாங்க?"

"தும்மக் கூடாதாம் சித்தி. தும்மினா காரோட கலர் மாறிடுமாம்."

பெயிண்ட் கூடத்தைத் தாண்டும்வரை சித்தி மூக்கைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆரஞ்சு நிற ராட்சத இயந்திரக் கைகள் குனிந்து நிமிர்ந்து தகரத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தன. தீப்பொறி மழையாகக் கொட்டியது. "பாவம், இதுங்களுக்கு லீவு உண்டா?" என்று கேட்டாள்.

ஆட்கள் வேலை செய்யும் கூடத்தில் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு நீளமாகப் போனது. யாருக்கு எந்தத் தடுமாற்றம் வந்தாலும் அதை இழுக்கலாம், உதவிக்கு ஆள் வரும், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்றாள் தொப்பிக்காரி.

நான் சித்தியிடம், "அதை இழுத்தா அன்னிக்கே வேலை காலி" என்றேன். சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்பது என் திட்டம்.

சித்தப்பா இருக்கும் இடத்துக்கு வந்தோம். தரையில் போட்டிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். வீட்டில் டம்ளரைத் தட்டிவிடும் மனுஷனா இது? ரப்பர் அவர் கையில் பாம்புக்குட்டி மாதிரி நெளிந்து தானே போய் உட்கார்ந்தது. எங்களைப் பார்த்ததும் மோவாயைத் தூக்கி ஒரு சின்னச் சிரிப்பு.

நான்காவது காரில் மேல் மூலை உட்காரவில்லை. அமுக்கினார், பிதுங்கியது. இடது கையை வைத்தார், பிதுங்கியது. கார் நகர்ந்துகொண்டே இருந்தது. எங்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். கயிற்றை இழுத்தார்.

விளக்கு எரிந்தது. பொம்மைக் கடையில் கேட்பது மாதிரி ஒரு பாட்டு ஒலித்தது. எல்லாம் நின்றது. ஒன்பது வருடத்தில் அவர் அதை இழுத்தது அதுதான் முதல் தடவை. குழுத் தலைவரான தாடிக்காரர் ஓடி வந்தார்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயையோ, வேலை போச்சே! அவர் மேல தப்பில்ல, விரல்தான் சரியில்லன்னு சொல்லுடி!"

"சித்தி, நான் சும்மா சொன்னேன். இழுத்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"இப்பதாண்டி பொய் சொல்ற!"

அங்கே சித்தப்பா தாடிக்காரரிடம், இன்றைக்கு ரப்பர் விறைப்பாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சமாளித்தார். தாடிக்காரர் தன் விரலால் ஒரே அமுக்கு அமுக்கினார். உட்கார்ந்துவிட்டது. கார்கள் மறுபடி நகர்ந்தன. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. எட்டு மாதம் ஒன்பதாகும். சித்தப்பா என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று தலையை ஆட்டினார். சித்தியின் நகம் என் கையில் பதிந்திருந்தது.

காலையிலிருந்து நான் மொழிபெயர்த்ததில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை. தாடிக்காரரைக் கூப்பிட்டேன். எட்டு மாதம், மரத்துப்போவது, சட்டைப் பொத்தான், எல்லாவற்றையும் சொன்னேன்.  

தாடிக்காரர் திட்டவில்லை. சித்தப்பாவின் கையை வாங்கி, கட்டைவிரல் நுனியைக் கிள்ளினார். தெரிகிறதா என்று கேட்டார். சித்தப்பா தரையைப் பார்த்தார். தாடிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த காருக்கு அவரே போனார். விரல் தேறும்வரை வேறு வேலை, இப்போது மருத்துவ அறைக்குப் போ என்றார். அது கூடத்தின் கடைசியில் இருந்ததால், தொப்பிக்காரி அவரையும் எங்களோடு சேர்த்துக்கொண்டாள்.

"துரோகி" என்றார் சித்தப்பா என்னிடம்.

"உங்க அண்ணன் பொண்ணு" என்றேன்.

பக்கவாட்டு வாசலில் வந்து அதிலேயே திரும்புகிறவர் அவர். தன் இடத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஒன்பது வருடமாகப் பார்த்ததில்லை. இருக்கை, கண்ணாடி, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் நின்றார். கடைசியில் வெள்ளைக் கார் ஒன்று, ஓட்டிப்போக ஆள் வரும்வரை காத்திருந்தது. தொப்பிக்காரியிடம் கேட்டுக்கொண்டு, அதன் கதவைத் திறந்து சித்தியைப் பார்த்தார்.

"நீ சாத்து."

தூங்கும் குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவது மாதிரி சித்தி சாத்தினாள்.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே!"

"அதான் என் ரப்பர்" என்றார் சித்தப்பா.

சித்தி மறுபடி திறந்து மறுபடி சாத்தினாள், காதைக் கிட்ட வைத்துக்கொண்டு. அவர் அவசரப்படாமல் பக்கத்திலேயே நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே மருத்துவ அறைப் பக்கம் திரும்பினார்.