ஆஸ்பத்திரிக்குப் போன காலி கேரியர்

சித்தூரில் ஒரு பெண்பிள்ளை காரணமில்லாமல் தெருவில் நடக்க முடியாது. யாரும் தடுக்க மாட்டார்கள், கேட்பார்கள், அவ்வளவுதான். பாதிப் பேர் தெலுங்கில் "எக்கடிக்கம்மா?" என்பார்கள், மீதிப் பேர் தமிழில் "எங்க டீச்சரம்மா கிளம்பிட்டீங்க?" என்பார்கள். பதில் சொல்லாமல் போனால் சாயங்காலத்துக்குள் அவர்களே ஒரு பதிலைத் தயார் செய்துவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் இது எனக்குப் பெரிய தலைவலியாகப் போயிற்று. காலில் முள் குத்திய சின்னப் புண் ஆறுவதற்கு மூன்று மாதம் பிடித்தது. ஆறிய பிறகு டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார். மாத்திரை மட்டும் போதாது, தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புண் ஆறாமலே போகலாம் என்றார்.

என் அம்மாவுக்கு ஐம்பத்தொன்றாம் வயதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பாதம் அரிக்கிறது என்று கையை நீட்டி வெறும் பாயைச் சொறிவாள். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

கட்டமஞ்சி ஏரி வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் ஏழு பேர் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன், சும்மா நடக்கிறேன் என்று. தெருமுனையில் இட்லி விற்கிற அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று இரக்கத்தோடு விசாரித்தாள். என் வீட்டுக்காரருக்குப் பாகாலா ஸ்டேஷனில் வேலை. சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கி முகம் சிவக்க வந்தார்.

"உன்ன அடிச்சித் தொரத்திட்டேனாம். வழியெல்லாம் ஒருத்தன் எனக்குப் புத்தி சொல்லிக்கினு வரான்."

அதோடு என் நடை நின்றது. பயம் மட்டும் போகவில்லை. ராத்திரி பயந்துகொண்டே படுப்பேன், காலையில் பயந்துகொண்டே இன்னும் கொஞ்சம் தூங்குவேன். ஒரு நாள் கிளம்புவதற்குப் பயம் போதும், மறுநாளும் கிளம்ப வேறு ஏதோ வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வகுப்பில் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டுகிற வாய் இது.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளி டீச்சர் ஒருத்திக்குப் பிரசவமாகி, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மூன்றடுக்கு கேரியர் கையில். வழியில் ஒருத்தர்கூட எங்கே என்று கேட்கவில்லை. இட்லிக்கார அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஜட்காக்காரர் வண்டியை ஒதுக்கி வழிவிட்டார். அட, இவ்வளவுதானா என்று தோன்றியது.

அந்த டீச்சர் குழந்தையோடு வீட்டுக்குப் போய்விட்டாள். என் கேரியர் மட்டும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. காலியாக இருந்தால் கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று போர்டு துடைக்கிற பழைய துணியைத் திணித்துக்கொள்வேன். ஆஸ்பத்திரி கேட் வரை போவேன், ஏரிக்கரை வழியாகச் சுற்றி வீடு திரும்புவேன். இரண்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. தவறினால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று ஊர் கேட்குமே. கால் விரல் நுனியில் இருந்த மரமரப்பு குறைந்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து, பரவாயில்லையே என்றார். எனக்கு அன்று நடையில் ஒரு துள்ளல் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் யாருக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று எங்கள் சபையில் யாரோ கேட்டபோது, சொந்தக்காரருக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கண்ணை மூடி, நம் டீச்சரம்மாவின் உறவினர் நெடுநாளாகப் படுக்கையில் இருக்கிறார், அவரை எழுந்து நடக்கப் பண்ணும் ஆண்டவரே என்று ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் என்றது. அத்தோடு விட்டார்களா? ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்து அம்மாக்கள் ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்து, எந்த வார்டு என்று கேட்டார்கள். கூலி வேலை செய்கிறவர்களும் காசு போட்டு வாங்கிய பழம் அது. ஏதாவது ஒரு வார்டு நம்பரைச் சொல்லியிருக்கலாம். பழத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில யாரும் இல்ல. நோயாளி நான்தான்."

அம்மாவின் காலைச் சொன்னேன், என் சர்க்கரையைச் சொன்னேன், அழுதும் விட்டேன். போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நடக்கத்தானே கேட்டோம் என்று முணுமுணுத்தார். அவருடைய மனைவி, என்னைவிடப் பருமனான அம்மா, கிட்டே வந்தார்.

"அப்போ கேரியர்ல இன்னாதான் எடுத்துக்கினு போனீங்க?"

"போர்டு தொடைக்கிற துணி."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் ஒரு வருஷமாகப் பாதம் மரத்துப்போகிறது, போதகரிடம்கூடச் சொல்லவில்லை என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் நின்றார், கையில் அவர் வீட்டுக் கேரியர். அதுவும் காலி. இரண்டு கேரியர்களோடு போன எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உண்மை ஊருக்கே தெரிந்த பிறகும் நாங்கள் கேரியரை வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை. வெறுங்கையோடு நடந்தால் ஏதோ போலிருக்கும்.

சில வருஷம் கழித்து என் ஐம்பத்தொன்றாவது பிறந்தநாள் வந்தது, அம்மா காலை இழந்த வயது. வீட்டில் யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. வாசலில் போதகரம்மா கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, வலது காலுக்குச் செருப்பு மாட்டினேன். பிறகு இடது காலுக்கும் மாட்டினேன்.